குடை மறைக்கும் நேரம்

வைகாசி கருடசேவை என்றைக்கு வருகிறது என்பது சென்னை அலுவலகத்தில் இருக்கும் காசிநாதனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எந்த ஊரும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவர் கணக்கு. அதனால் காஞ்சிபுரத்து செல்போன் சர்வர்களுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்ற அந்த விடியற்காலையையே குறித்து அனுப்பிவிட்டார்.

அந்த வேலையைக் காஞ்சிபுரத்தில் செய்யவேண்டிய ஜீவிதாவுக்குத் தெரியும். ஊரை ஒட்டிய முசரவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அன்றைக்குக் கோழி கூவுவதற்கு முன்பே சுற்றுவட்டாரம் முழுக்க சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் வந்து நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வரி மெயில் போட்டிருந்தால் வேலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். அவள் போடவில்லை.

அடுத்த வாரம் என்றால் நாராயண் இருக்க மாட்டான்.

நாராயணுக்கு ஓஸ்லோவில் வேலை, அந்த சர்வர்களைச் செய்து கொடுத்த கம்பெனியில். இங்கே இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஆள், அங்கே திரைக்கு முன்னால் ஒரு ஆள், இருவரும் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசிப் பேசியே செய்கிற வேலை இது. இரண்டு வருடமாக இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நாளை முதல் அவனுக்கு வேறு பிரிவு, வேறு தேசத்து சர்வர்கள். காரணம் இல்லாமல் பேசுகிற உரிமையை இருவருமே இதுவரை எடுத்துக்கொண்டதில்லை.

அவன் சின்ன காஞ்சிபுரத்துக்காரன்தான். சன்னதித் தெருவில் வீடு. போனவன் திரும்பி வரவேயில்லை. "ஏறிக்கினு இருக்குது சார்" என்று அவள் சொன்னால், "என்ன பண்ணிக்கினு இருக்குது?" என்று மறுபடி சொல்ல வைப்பான். அதில் கேலி இருக்காது. வெயிலில் நடந்து வந்தவன் சொம்பை இரண்டாம் முறை நீட்டுவது போல இருக்கும். அந்தக் கேள்வி வருவதற்காகவே அவள் எதையாவது சொல்வாள். வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியில், ஒரு சந்தேகம் வந்து குத்தும். அவன் ஏங்குவது என் பேச்சுக்கா, இந்த ஊருக்கா? காஞ்சிபுரத்திலிருந்து வேறு எவள் பேசினாலும் இப்படித்தான் கேட்பானோ?

அவன் சன்னதித் தெரு, அவள் நெல் போடுகிற வீட்டுப் பெண். அதையெல்லாம் யோசிக்கிற தூரத்துக்கு அவள் இன்னும் போகவே இல்லை. 'ஊருக்கு எப்ப வருவீங்க' என்று ஒரே ஒரு கேள்வி. அந்தப் பதிலின் குரலிலேயே தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்த விடியலை யாரிடமும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தாள்.

சின்ன காஞ்சிபுரத்து அலுவலகத்தின் மாடி அறையில் ஏசி இரைந்தது. தறியின் பாவு இழைபோல வரிசையாக இறங்கிய ஒயர்களுக்குப் பின்னால் இரண்டு சர்வர்களும் மினுக்கிக்கொண்டிருந்தன. காவலாளி ராஜவேலு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், சாமி வெளிய வர்ற நேரத்துல பொட்டிக்குள்ள தலைய வுட்டுக்கினு இருக்கீங்க."

"வேலை இருக்குதுண்ணா."

"வேலை எங்க ஓடிடப் போவுது. வைகாசி கருடன் இத வுட்டா அடுத்த வருசம்தான்."

"இது ஏறலைன்னா என் வேலையே ஓடிடும். நீங்க போய்க் கும்பிட்டு வாங்க."

"நானும் பூட்டா பொட்டிய யாரு பாக்கிறது? போன்ல பேசுறானே, அந்த வெள்ளைக்காரனா?"

"அவரு வெள்ளைக்காரர் இல்லண்ணா. சன்னதித் தெரு."

"நம்மூரு ஆளா?" ராஜவேலு தலையைச் சொறிந்தார். "அப்ப அவனுக்கு இன்னிக்கி இன்னா நாளுன்னு தெரியாதா?"

ஜீவிதாவுக்கு இது தோன்றவே இல்லை. ஹெட்செட்டின் வாய்ப்பகுதியைக் கையால் மூடினாள். அந்தப் பக்கம் நாராயண் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது.

அந்த இரண்டு சர்வர்களும் ஜோடி. யாருடைய போன் எந்த டவருக்கு அடியில் இருக்கிறது என்பது இரண்டுக்கும் மனப்பாடம். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். காத்திருப்பதில் புதியதை ஏற்றிவிட்டு, பாரத்தை அதன்மேல் மாற்றி, பிறகு பழையதைத் தொட வேண்டும். மாற்றுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் கண்டம்.

இரண்டாவது சர்வர் தயாராகிவிட்டது. ஆனால் முதலாவதின் பாரத்தைக் காட்டும் கோடு திரையில் மேலே மேலே போய்ச் சிவப்பைத் தொட்டது. 'எங்க நிக்கிற', 'கொழந்த உன்கிட்டயா இருக்குது' என்று ஊரே ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தது.

"லோடு ஏறிண்டே போறதே," என்றான் நாராயண். பதற்றம் வந்தால்தான் அவனுக்கு வீட்டுப் பேச்சு வரும்.

"இப்பவே மாத்திட்டா?"

"எல்லா போனும் ஒரே நேரத்துல 'நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்'னு கத்தும். புதுசு படுத்துடும். ஊருக்கே போன் போயிடும்." ஏதோ தட்டினான். "பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பிடலாம். அதான் பத்திரம். அடுத்த வாரம் யாராவது பண்ணுவாங்க."

யாராவது. ஜன்னலுக்கு வெளியே நாதஸ்வரம் கேட்டது. அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை கையை விட்டுவிட்டு அழுதால், இவள் மாற்றுகிற நேரத்தில் அதன் அம்மாவுக்குப் போன் கிடைக்காமல் போனால், அது இவளால்தான்.

"சார், இன்னிக்கி கருடசேவைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் காசிநாதன் சாருக்குச் சொல்லல."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"சன்னதித் தெருவுல பொறந்தவனுக்கு வைகாசி கருடசேவை தெரியாதா ஜீவிதா? தேதி வந்த அன்னிக்கே பாத்தேன். நானும் சொல்லல."

"ஏன் சார்?"

"பெருமாள் இப்ப எங்க எழுந்தருளியிருக்கார்?" என்றான்.

அந்த ஜன்னலிலிருந்து கோபுர வாசல் தெரியும். ராஜவேலு எட்டிப் பார்த்துச் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "கோபுரத்துக்குள்ள இருந்து வந்துக்கினு இருக்காராம்."

"அப்ப ஒரு வழி இருக்கு. குடை மறைக்கும்."

வருடா வருடம் கருடசேவைக்கு வந்துகொண்டிருந்த சோளிங்கர் தொட்டாச்சாரியார் ஒரு வருடம் வர முடியாமல் அங்கேயே உருகி நிற்க, பெருமாள் இங்கிருந்து மறைந்து அங்கே போய்க் காட்சி தந்தார் என்பார்கள். அதனால் கோபுர வாசலில் கொஞ்ச நேரம் குடைகளால் அவரை மறைப்பார்கள். அந்த நேரத்துக்கு அவர் காஞ்சியில் இல்லை, சோளிங்கரில்.

"அப்ப ஒருத்தரும் போன் பண்ண மாட்டா. எல்லார் கையும் தலைக்கு மேல இருக்கும். கோடு இறங்கும், பாருங்கோ. இறங்கினதும் மாத்துங்க."

"எறங்கலைன்னா?"

"இறங்கும். நான் அந்தக் கூட்டத்துல நின்னிருக்கேன்."

அவள் விரலை எண்டர் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டாள். ஜன்னலில் ராஜவேலு எக்கி நின்றார்.

"குடைய சாய்க்கிறாங்க," என்றார். "மறைச்சிட்டாங்க மேடம்."

வெளியே சத்தம் அடங்கியது. சிவப்பில் துடித்துக்கொண்டிருந்த கோடு ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சரிந்து கீழே வந்தது. ஜீவிதா அழுத்தினாள். முதல் சர்வரின் விளக்குகள் நின்றன. இரண்டாவதில் ஒன்றும் எரியவில்லை. இரண்டு பக்கமும் இருட்டு. பிறகு ஒரு பச்சை, அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வரிசை முழுக்கப் பச்சை. தெருவிலிருந்து 'கோவிந்தா' என்று ஒரே குரலாக எழுந்தது. கோடு மறுபடி ஏறியது. புதியது தாங்கிக்கொண்டது.

"எடுத்துக்கிச்சு சார்."

"இங்க நடுராத்திரி தாண்டியும் வானம் முழுசா இருட்டவே இல்ல," என்றான் அவன், சம்பந்தமே இல்லாமல். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "டெஸ்ட் கால் போடணும். நம்பர் சொல்றேன், உங்க செல்லுலேர்ந்து அடிங்க" என்றான்.

வழக்கமாக அலுவலக போனுக்குத்தான் அடிப்பார்கள். இது வேறு நம்பர். "யாரு சார் இது?"

"எங்க அம்மா, பெருந்தேவி. அந்தக் கூட்டத்துலதான் எங்கேயோ நிப்பா."

ஒரு காதில் ஹெட்செட், மறு காதில் செல். மணி அடித்தது.

"ஹலோ, யாரும்மா பேசறது?"

"அம்மா, என் பேரு ஜீவிதா. உங்க பையன்கூட வேலை செய்யறேன்."

"முசரவாக்கம் பொண்ணுதானே?" கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் மலர்ந்தது. "சொல்லியிருக்கானே."

ஊரைப் பற்றிக் கேட்க அவனுக்கு அம்மா இருக்கிறாள். அம்மாவிடம் அவன் சொன்னது இவளைப் பற்றி.

"நன்னா இரு. அதிருக்கட்டும், எப்ப வரேன்னு உங்கிட்டயாவது சொன்னானா? என்னண்ட சொல்ல மாட்டேங்கறான்."

இரண்டு வருடமாக அவள் நாக்கின் நுனியில் வைத்திருந்த கேள்வி. மறு காதில் அவன் எதையும் தட்டவில்லை. காத்திருந்தான்.

"நீங்களே கேளுங்கம்மா," என்றாள்.

ஹெட்செட்டைக் கழற்றினாள். அதன் காதுப்பகுதி செல்லின் வாய்ப்பக்கம் படும்படியும், வாய்ப்பகுதி செல்லின் காதுப்பக்கம் படும்படியும் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

"இன்னா மேடம், யாரு பேசறாங்க?" என்றார் ராஜவேலு. அவள் 'இருங்க' என்று கண்ணைக் காட்டினாள்.

உள்ளங்கைக்குள் இரண்டு குரல்கள் வண்டுபோல முனகின. அம்மா ஏதோ கேட்டாள். பிறகு அவன் பேசத் தொடங்கினான், நிறுத்தாமல், நீளமாக. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. கொஞ்சம் விலக்கிக் காதில் வைத்தால் தெரிந்துவிடும். விலக்கினால் அவர்கள் இருவருக்கும் நடுவே பேச்சு அறுந்துவிடும்.

கை வலித்தது. அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.