மாடியில் பறந்தது

தலை துவட்டிக்கொண்டிருந்த தையல்காரி, மாடிச் சுவருக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டதும் துண்டை மார்போடு இழுத்துப் பிடித்தாள். ட்ரோன் மறுபடியும் வந்துவிட்டது. எதிர்த்தெரு வீடியோக்காரனுடையது. போன வாரமே ஸ்டேஷனில் சொல்லியிருந்தாள். "காக்கா கூடத்தான் மாடி மேல பறக்குது, அதுக்கும் கேஸ் போடவா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

இன்று அண்ணன் வீட்டில் இருந்தான். கிடங்குக் காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கத்த, மாடியேறி வந்து சுட்டான். ட்ரோன் உடைந்து தெருவில் விழுந்தது. "பாத்தியா!" என்று அவன் திரும்பிய அதே நேரம் பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் ரத்தம். சிதறிய ரவைகளில் ஒன்று கண்ணில் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கண் தேறாது என்றார்கள். அக்காவின் ரத்தம் ஒட்டிய தன் புடவையை மாற்றாமல் தையல்காரி நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். உள்ளே அண்ணனும் வீடியோக்காரனும் அருகருகே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் பாயும் என்று வீடியோக்காரன் கேட்க, அண்ணன் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வாம்மா. அவனுக்குப் பறக்கவிட பர்மிஷன் இல்ல, உங்கண்ணன் ஊருக்குள்ள சுட்டது தப்பு. கேஸ்னு போனா ரெண்டு பேருக்கும் கஷ்டம். சமாதானமாப் போறாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அக்கா கண்ணு?"

"அது ஆக்சிடென்ட்மா. ஆஸ்பத்திரிச் செலவ ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க."

"என்னை எடுத்த படம்?"

"அழிச்சாச்சு. நாங்க எல்லாத்தையும் முழுசா பாத்துட்டுத்தான் அழிச்சோம்."

ஓரத்தில் நின்ற போலீஸ்காரன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க பாக்கறப்போ நீயும் இங்கதான் இருந்தியாண்ணா?"

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க சார். ரெண்டு பேர் மேலயும்."

"ஏய், நான் உன் மானத்துக்காகத்தான் சுட்டேன்!"

"அதையும் சேத்து எழுதுங்க."

யாரும் பேனாவைத் தொடவில்லை. கிளம்பலாம் என்பதுபோல் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவள் இரும்பு நாற்காலி ஒன்றைத் தரையில் கிறீச்சிட இழுத்துப்போய், வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.