செபமாலையம்மாளின் நேர்ச்சைச் சோறு

படாரென்று தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடியே காவல்காரன் மொக்கையனின் தப்பு மேளம் தாறுமாறாக முழங்கியது.

"ஒத்தக்கொம்பன்! கோயில்கிட்ட நிக்கான்! யாரும் வெளிய வராதீக!"

சூரியநெல்லிக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒற்றைத் தந்த யானையான ஒத்தக்கொம்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த அத்தனை லயங்களும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டன. ஒரு கதவு மட்டும் திறந்தது. கங்காணி சூசைமாணிக்கத்தின் மனைவி செபமாலையம்மாள் கையில் விளக்குமாற்றோடு பாய்ந்து வந்தாள். கங்காணி பின்னாலேயே ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

"ஏளா, யானையைப் பெருக்கியா தள்ளப்போற?"

"விடுங்க! என் அரிசி! என் நேர்ச்சை அரிசி!"

கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் அந்த அரிசி இருந்தது. அன்று செபஸ்தியார் திருநாள். பூசை முடிந்ததும் எல்லா லயத்து ஜனங்களும் கோயில் முற்றத்தில் ஒரே பந்தியாக உட்கார்ந்து அசனம் சாப்பிடுவார்கள். வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு பிடியரிசி கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்டுவதுதான் வழக்கம். இந்த வருஷம் செபமாலையம்மாள் அதை நிறுத்திவிட்டாள். "யாரும் ஒரு மணி கொண்டுவரக் கூடாது. அத்தனையும் என் வீட்டு அரிசி" என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிலோமி வழக்கம்போல் முறத்தில் அரிசியோடு வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து பிலோமி அவளிடம் நெருப்புக்கூட வாங்குவதில்லை.

காரணம் மகள் ரோசி. போன மாசியில் அவளுக்கு மலைக்காய்ச்சல் கண்டு, தோட்டத்து மருந்துக்காரர் கையை விரித்துவிட்டார். திடீரென ஒருநாள் காய்ச்சல் தானாக இறங்கியது. ரோசி எழுந்து உட்கார்ந்து, "பழைய கஞ்சி இருக்கா? ஒரு துண்டு கருவாடும் வேணும்" என்றாள். அன்று முழுவதும் செபமாலையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் பயம் பிடித்துக்கொண்டது. யாராவது ஒரு தேங்காய் கொடுத்தால், பதிலுக்கு இரண்டு தேங்காய் அனுப்பிய பிறகே அவளுக்குத் தூக்கம் வரும். சும்மா கிடைத்த பிள்ளையை எப்படிச் சும்மா வைத்துக்கொள்வது? கொடுத்தவர் திரும்பக் கேட்டுவிட்டால்? அதனால்தான் திருநாள் அசனம் முழுவதையும் தானே போடுவதாக அந்த நேர்ச்சை. அதற்காகப் பன்றியும் கோழியும் வளர்த்து விற்றாள், போடியிலிருந்து வந்த கழுதைப் பொதிகளில் மூட்டை மூட்டையாக அரிசி இறக்கினாள்.

வெயில் ஏறியதும் ஒத்தக்கொம்பன் காட்டுக்குள் போய்விட்டது. கொட்டகையில் மிச்சமிருந்ததெல்லாம் கிழிந்த சாக்கு, சேறு, ஒரு பெரிய லத்திக் குவியல். பருப்பும் வெல்லமும் இருந்த இடமே தெரியவில்லை.

"வெல்லத்தை முதல்ல தின்னுட்டுத்தான் அரிசியில வாய் வச்சிருக்கு" என்றான் மொக்கையன். "விவரமான யானைதான்."

செபமாலையம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நேர்ச்சை போச்சு" என்றாள். அவள் கண் பக்கத்தில் நின்ற ரோசியின் நெற்றியை விட்டு அகலவில்லை. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"சூடில்லம்மா. குளிருது" என்றாள் ரோசி.

அந்த நேரத்தில் பிலோமி வந்தாள். இடுப்பில் அதே முறம், முறம் நிறைய அரிசி.

"மதினி, அடுப்பைப் பத்த வைக்கவா?"

"வேண்டாம். இது என் நேர்ச்சை. அடுத்தவுக அரிசி விழுந்தா செல்லாது."

"யானை தின்னது மட்டும் செல்லுமாக்கும்?"

செபமாலையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோசி அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அம்மா, தேவ இஷ்டப்பிரசாதம்னா என்ன?"

"இப்பம் என்னட்டி கேள்வி?"

"சொல்லும்மா. தப்பாச் சொன்னா காதைத் திருகுவேன்."

ஞாயிறு மத்தியானங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசக் கேள்வி பதில் சொல்லிக்கொடுப்பது செபமாலையம்மாள்தான். ஓர் எழுத்துப் பிசகினால் காது சிவந்துவிடும். தேவ அருள் பற்றிய அந்தக் கேள்விக்கும் பழக்கதோஷத்தில் பதில் தானாக வந்தது.

"நம்ம பேறுபலன் ஒண்ணும் பாக்காம ஆண்டவர் இலவசமா..." குரல் அங்கேயே இறங்கிவிட்டது.

"எனக்குக் காய்ச்சல் விட்டது எப்பம்?"

"மாசியில."

"நீ நேந்துக்கிட்டது?"

"மறுநா."

"அப்பம் என் உசிரைக் குடுக்கும்போது அவரு உன்கிட்ட அரிசி கேக்கலைல்லா?"

"வாயாடி! உங்கப்பன் வளர்த்த வளர்ப்பு!" என்றாள் செபமாலையம்மாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. தெரிந்த பாடம்தான். தெரிந்ததே தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது.

அதற்குள் கீழ்லயத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பானையில், முந்தானையில், தொப்பியில் அரிசி. ஒருத்தி பச்சரிசி, இன்னொருத்தி சிவப்புக் குண்டரிசி, மூன்றாமவள் புழுங்கல். மொக்கையன் துண்டு முடிச்சை அவிழ்த்தான். உள்ளே தினை.

"கங்காணியம்மா, நான் கருப்பசாமி கும்பிடுறவன். உங்க செபஸ்தியாரு ஏதும் சொல்லுவாரா?"

பிலோமி முந்திக்கொண்டாள்: "அவரு உடம்பெல்லாம் அம்பு தச்சப்பவே வாயைத் திறக்காதவரு. உன் தினைக்கா திறக்கப்போறாரு? கொட்டுய்யா!"

எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தது. குழம்புக்குப் பருப்பில்லை. ஆளுக்கு ரெண்டு கருவாடு சேர்ந்தது, கூடவே கத்தரிக்காயும் மாங்காய் வற்றலும்.

"திருநாளுக்குக் கருவாடா!" என்று செபமாலையம்மாள் தலையில் கை வைத்தாள். பங்குச் சாமியார் பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே கருவாட்டுக் குழம்பின் மணம் கோயிலுக்குள் புகுந்தது. பிரசங்கம் அந்த வருஷம் போல் எந்த வருஷமும் சுருக்கமாக முடிந்ததில்லை.

பந்தி விரித்தார்கள். பச்சரிசி குழைந்து கூழாகியிருந்தது, சிவப்பரிசி பல்லில் நறுக்கென்றது, நடுவே தினை எங்கெங்கோ எட்டிப் பார்த்தது. "ஒரு வாயில மூணு சோறு! எந்த ராசா வீட்டுல கிடைக்கும்?" என்று யாரோ கத்த, பந்தி முழுவதும் சிரித்தது.

நேர்ச்சைக்காரிதான் முதல் கரண்டி பரிமாறியிருக்க வேண்டும். பந்தி தொடங்கியபோதே செபமாலையம்மாள் கை தானாகக் கரண்டிக்கு நீண்டு, பாதியில் நின்றுவிட்டிருந்தது. எதை எடுத்துப் பரிமாறுவது? அண்டாவில் அவளுடைய அரிசி ஒரு மணிகூட இல்லை. வெறுங்கையோடு கோயில் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். இப்படி அவள் எங்கும் நின்றதே இல்லை. ரோசி பந்தியில் உட்கார்ந்து, விரலை நக்கியபடி யாரோடோ சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். செபமாலையம்மாள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அதைத் திரும்பக் கேட்டு வரவில்லை.

மெல்ல நடந்துபோய், மொக்கையனுக்கும் கீழ்லயத்துக் கிழவிக்கும் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கங்காணி வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்தார். பிலோமி ஓடிவந்து இலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்புக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, எவ்வளவு ஊற்றுவது என்று தயங்கி நின்றாள்.

"நல்லா ஊத்துட்டி பிலோமி. நான் சும்மா சாப்பிட வந்தவ."