நோர்பரியில் காணாமற்போன கதவு

விட்டு வந்த ஊரின் அரசாங்கம் தடை போட்ட மறுநாள், லண்டன் நோர்பரியில் இருந்த கைதிகள் குடும்பச் சங்கத்தின் கதவு காணாமற்போனது. அது 1987ஆம் ஆண்டு. பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், பச்சைக் கதவு இருந்த இடத்தில் வெறும் செங்கல் சுவர். அங்கே போட்ட தடை இங்கே எப்படிச் செல்லும் என்று சங்கத்தார் கவுன்சிலில் போய்ச் சண்டை பிடித்தார்கள். கவுன்சில்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, விலாசம் சரி, கதவுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்துக் கமலாம்பிகையின் புருஷன் யோகலிங்கத்தை ஊரில் வழக்கும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். சங்கத்துத் தொலைபேசி அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது. முகாமில் இருந்தவர்கள் வாய்க்கு வாய் சொல்லிப் பாடமாக்கிய இலக்கம் அது. வெளியே விடப்படுகிறவன் முதலில் அதற்குத்தான் எடுப்பான். இலக்கத்தை மாற்றினால் உள்ளே இருப்பவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

சனிக்கிழமை வழக்கம்போல் றெஜினோல்ட் வந்தார். தூதரகத்து ஆள். சங்கத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று மேலிடத்துக்கு அறிவிக்க வருகிறவர் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவருக்கு மட்டும் தேத்தண்ணி கொடுப்பதில்லை. அன்று அவர் குடையை மடக்கிக்கொண்டு நேரே சுவருக்குள் போனார். கொஞ்சம் பொறுத்துத் தலையை நீட்டி, ஏன் எல்லோரும் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டார். பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவருடைய கண்ணுக்குக் கதவு தெரிந்தது, அவ்வளவுதான். அவர் கதவைப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் பின்னால் நுழைந்தார்கள். அன்றைக்கு அவருக்கும் தேத்தண்ணி கிடைத்தது, பிறகு வடையும் கிடைத்தது. அறிவிக்க ஒன்றும் இல்லாவிட்டால் தன்னை அனுப்பமாட்டார்கள் என்று அவர் கவலைப்பட்டபோது, சங்கத்தார் தூதரக வாசலில் ஆர்ப்பாட்டம் வைத்தார்கள். மேலிடத்துக்கு எந்தச் சுலோகம் கூடுதலாகச் சுடும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். இந்த மனுஷன் எதிரியா, உறவா? கமலாம்பிகைக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் நாசமாய்ப் போகவேண்டும் என்று விம்பிள்டன் பிள்ளையாரிடம் கும்பிடத் தொடங்குவாள், அவருக்குத் தடிமன் காய்ச்சல் வந்துவிடக்கூடாது என்று முடிப்பாள்.

இப்படியே ஆறு வருடம் போனது. பிறகு, இந்தச் சங்கத்தால் ஆபத்தில்லை, இனிப் போகவேண்டாம் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது.

"எங்களை மோசமான ஆக்கள் எண்டு எழுதுங்கோ, அண்ணை," என்று கமலாம்பிகை கெஞ்சினாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

றெஜினோல்டுக்கு மனச்சாட்சி குத்திவிட்டது. பொய் எழுத மனமில்லாமல் வேலையையே விட்டுவிட்டு, சங்கத்தில் அங்கத்தவராகச் சேர அடுத்த சனிக்கிழமை சிரித்த முகத்தோடு வந்தார். வந்த வேகத்தில் சுவரில் நெற்றி மோதியது. சம்பளத்தோடு அந்தப் பார்வையும் போய்விட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, சுவருக்குப் பின்னால் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"உங்களை ஆர் இப்ப நல்லவரா மாறச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுக் கமலாம்பிகை செங்கல்லில் தலையை வைத்து அழுதாள்.

மணி நிற்கவேயில்லை. இரவு பகலாக அடித்தது. சலூன்காரர் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு முடி வெட்டினார். தூதரகத்து ஆளே போய்ச் சேர்ந்த சங்கம் பொல்லாத சங்கமாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊர் அரசாங்கம் முடிவெடுத்து, ஒருவழியாகப் புதிய அதிகாரி ஒருவரை அனுப்பியது. வேவு பார்க்க வந்த தன்னைக் கண்டு இத்தனை சனம் ஏன் கைதட்டுகிறது, ஏன் ஒரு பெண் பிளாஸ்க்கோடு ஓடி வருகிறாள் என்று விளங்காமல், அந்தப் பெடியன் முழித்துக்கொண்டே கதவைத் திறந்தான். கமலாம்பிகை அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடித் தொலைபேசியை எடுத்தாள்.

"ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை?" என்றது யோகலிங்கத்தின் குரல். முகாமை விட்டு வெளியே வந்த அன்று எடுத்தவர், வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

"கதவு திறக்கிற அதிகாரி இப்பதான் வந்தவர்," என்றாள் அவள்.

அத்தனை வருடம் உள்ளே இருந்த மனிதருக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை. "ஓமோம், அவையள் வந்தால்தானே கதவு திறக்கும்," என்றார். பிறகு, சாப்பிட்டீரோ என்று கேட்டார்.