பேஷ்காருக்கு நெருஞ்சிக் கஷாயம்

கூடத்தில் நாகேஸ்வரனைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருக்க, கொல்லையில் அவர் மனைவி பாகீரதி மூன்று செங்கல்லைக் கூட்டி நெருஞ்சிக் கஷாயம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் அடுப்புப் புகையலாமா? பிணம் எடுக்கிறவரை ஸ்ரீவராகம் தெருவிலேயே ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. நாத்தனார் வாலாம்பாள் கிணற்றடிக்கு வந்து பார்த்தாள். மன்னிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

கஷாயம் நாய்க்கு. வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வருகிறவனை எல்லாம் மனுக் கொடுக்க வந்தவனைப் போலப் பார்க்கும் அதற்கு நாகேஸ்வரன் பேஷ்கார் என்று பெயர் வைத்திருந்தார். திருவிதாங்கூரில் தாசில்தாருக்கும் மேலான அந்த உத்தியோகமே மலையேறிப் போன பிறகும் நாய் மட்டும் பதவியில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவர் உலாவக் கிளம்பிச் செருப்பில் கால் நுழைக்கும்போது பக்கவாதம் வந்து சாய்ந்தார். டாக்டர் வருவார், நாலு பேர் வருவார்கள் என்று பேஷ்காரைக் கொல்லைத் தென்னையில் கட்டிப்போட்டார்கள். அப்போதிலிருந்து அது ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை.

போன மாதம்தான் அதற்கு நீரடைப்பு வந்து தேறியிருந்தது. அந்தக் கவலை நாகேஸ்வரனை விடவில்லை. காலையில் பிள்ளை பஞ்சாபகேசன் கங்கா தீர்த்தம் விட்டு, காதில் நாராயணா நாராயணா என்று சொல்ல, அவர் குழறிய கடைசி வார்த்தை நாராயணா இல்லை.

"பேஷ்கார் போனானா?"

"போயாச்சு, பேஷாப் போயாச்சு," என்றாள் பாகீரதி. அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அவரிடம் அவள் பொய்யே சொன்னதில்லை என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. காப்பிப் பொடியில் சிக்கரி கலந்ததை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தப் பொய்யோடு அவரைச் சிதைக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் அதை மெய்யாக்கிவிட வேண்டும்.

துக்கம் கேட்க வந்த தாசையனை அவள்தான் கொல்லைப் பக்கம் அழைத்தாள். மாட்டுக்கும் நாய்க்கும் பச்சிலையும் சர்க்கரை மாத்திரையும் கலந்து வைத்தியம் பார்க்கிறவர், நாகேஸ்வரனின் சிநேகிதர். மூத்திரப்பையை மட்டும் பார்ப்பது அரை வைத்தியம், முழு ஜீவனையும் பார்க்கணும் என்பது அவர் கட்சி. கயிற்றின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். தாகம் உண்டா, இடிக்குப் பயமா, எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும், தூக்கத்தில் கால் உதறுமா? பாகீரதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நடுநடுவே வாசலில் புது அழுகை கேட்டதும் உள்ளே ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தாள்.

தாசையன் நாயின் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கல்லு ஒண்ணும் இல்ல அம்மா. பட்டிக்கு விசனம். விசனத்துல நீரு நிக்கும்."

விசனத்துக்கு மாத்திரை, நீருக்கு நெருஞ்சி, சூட்டுக்குப் பார்லித் தண்ணீர் என்றார். தன் பங்குக்குப் பாகீரதி இளநீரும் கொடுத்தாள். எல்லாம் உள்ளே போயிற்று. ஒன்றும் வெளியே வரவில்லை. பேஷ்கார் பின்னங்கால்களை நெருக்கி வைத்துக்கொண்டு அவளைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தது.

வெயில் சாய்ந்ததும் பாடையைத் தூக்கினார்கள். வாசலில் எழும்பிய ஓலத்தைக் கேட்டு நாயும் ஊளையிட்டது. பாகீரதி விடுவிடென்று கொல்லைக்குப் போய்க் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"மன்னி, அது பாடையைத் தொட்டுத் தொலைக்கப் போறது," என்று வாலாம்பாள் தடுத்தாள்.

"தொடட்டும். அவரோட ஒரு தடவை போயிட்டு வரட்டும்."

பேஷ்கார் ரேழியில் புகுந்து வாசலில் பாய்ந்து, பாடையைத் தாண்டி, தீச்சட்டி ஏந்தி முன்னால் போன பஞ்சாபகேசனையும் தாண்டி ஓடியது. தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நின்று காலைத் தூக்கியது.

பஞ்சாபகேசன் நின்றான். அவன் நின்றதால் பாடையும் நின்றது. தூக்கியவர்கள் தெருக்காரர்கள், யாரும் அதை விரட்டவில்லை. அந்தக் கம்பத்தடியில் இரண்டு வேளையும் நாகேஸ்வரன் குடையைக் கக்கத்தில் இடுக்கி, ஆகாசத்தைப் பார்த்தபடி காத்து நிற்பதை அவர்கள் வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள். வீட்டு வளவுக்குள் ஒரு சொட்டு விடாதபடி நாயைப் பழக்கியிருந்தார் மனுஷன். அவருடைய அஜீரணத்துக்காகத்தான் அந்த உலாவல் என்று பாகீரதி நினைத்திருந்தாள். தாசையன் வழித்துணையாக நடந்தவர், கம்பத்தையும் நாயையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நெருஞ்சியும் பார்லியும் இளநீரும் சேர்ந்து அது லேசில் முடியவில்லை. பாடை தூக்கியவர்கள் ஒருதரம் தோள் மாற்றிக்கொண்டார்கள். நாகேஸ்வரன் ஆகாசத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

பேஷ்கார் பின்னங்காலால் மண்ணை இரண்டு தரம் சீய்த்துவிட்டு முன்னால் நடந்தது. ஊர்வலம் அதன் பின்னால் திரும்பியது.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பாகீரதி, "ஏன்னா, போயாச்சு," என்றாள்.