எட்டு இழை

கருப்பு ஈயின் கூட்டுப்புழுவுக்குத் தலைப்பக்கத்தில் மூச்சுவிட இழைகள் இருக்கும். அவற்றை எண்ணித்தான் எந்த இனம் என்று சொல்வோம். எங்கள் ஆற்றில் இரண்டு இனம்: ஆறிழைக்காரி, எட்டிழைக்காரி. எட்டிழைக்காரி அருவிக்கு மேலே கிடையாது. அப்படி வரைபடம் போட்டவள் நான். பதினோரு வருடமாக ஆய்வகச் சுவரில் தொங்குகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதனால்தான், அருவிக்கு மேலே எடுத்ததாகச் சீட்டு ஒட்டிய குப்பியில் எட்டு இழை தெரிந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று தடவை எண்ணினேன். எட்டேதான். என் வரைபடம் தப்பாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, பாருங்கள்!

ஆற்றில் இறங்கி மாதிரி எடுத்து வருகிறவரை எல்லோரும் கல்புரட்டி அண்ணன் என்போம். அவரைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

"குப்பிய மாத்திப் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்களே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"இல்ல மேடம், அங்கயே கரையில உக்காந்துதான் சீட்டு எழுதி ஒட்டினேன்."

"அப்போ ஈ என்ன, ஏணி வெச்சு அருவி ஏறிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அத்தோடு விட்டேனா? இயக்குநருக்கு எழுதிப் போட்டேன். இருபது வருடம் ஆற்றில் நின்ற மனிதரைக் கிடங்கில் குப்பி கழுவ உட்கார வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வேறு ஆள் கிடைக்காமல் நானே ஆற்றுக்குப் போனேன். அருவிக்கு மேலே, முழங்கால் தண்ணீரில், முதல் கல்லைப் புரட்டி லென்ஸை வைத்தேன். எட்டு. அடுத்த கல்லிலும் எட்டு. அதற்கடுத்த கல்லிலும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் யாருமில்லை, ஆனாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் இயக்குநரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, நேராகக் கிடங்குக்குப் போனேன்.

"அண்ணே, நீங்க கொண்டு வந்தது சரி. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி, "அப்போ நான் மாத்தலையா?" என்றார்.

"இல்லண்ணே."

"நீங்க அடிச்சுச் சொன்னீங்களா, எனக்கு வயசாகி மறதி வந்துடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன் மேடம். அடுப்ப அணைச்சேனான்னு நாலு தரம் போய்ப் பாக்குறேன். பேத்திய பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வர்றதையும் விட்டுட்டேன். வழியில எங்கயாவது மறந்து விட்டுட்டு வந்துட்டேன்னா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் விட இன்னும் நேரமிருக்கு. இன்னிக்கு நானே போய்க் கூட்டிட்டு வரட்டுமா மேடம்?" என்று என்னிடம் கேட்டார்.