முப்பதாவது மாணவர்

1

இந்தக் கதை எனக்கு வேலையாக வந்தது. நொஷாத்தெல் ஏரிக்கரையில் உள்ள எங்கள் ஊர் வணிகப் பள்ளிக்கு அறுபது வயது. அதன் வரலாற்றை எழுதித் தரும்படி, உள்ளூர்ச் செய்தித்தாளிலிருந்து ஓய்வுபெற்ற என்னைக் கேட்டார்கள். இப்படித் தொடங்கினேன்: "1958இல், மூடிக்கிடந்த ஓட்டல் ஒன்றின் நடனக்கூடத்தில், முப்பது மாணவர்களுடன்..."

அந்த வரி அங்கேயே நின்றுவிட்டது. வந்தவர்கள் இருபத்தொன்பது பேர்.

2

முப்பது பேர் சேர்ந்தால்தான் அனுமதி என்றது அரசு. எழுத்தராக இருந்த ஒதில் பெரோஷேயிடம் நிறுவனர், "ஏதாவது ஒரு பேரைப் போடும்மா, கிறிஸ்துமஸுக்குள்ள நிஜமாவே ஒருத்தனைப் பிடிச்சுடலாம்" என்றாராம். ஒதில் தன் தம்பி ஆர்மானின் பெயரை எழுதினார். முந்தைய கோடையில் படகோடு ஏரியில் போனவன். உடல் கிடைக்கவில்லை.

(இங்கே ஏரியை இரண்டு பக்கம் வர்ணித்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

3

அந்தப் பள்ளியில் வகுப்பில் பேசுவதற்கே பாதி மதிப்பெண். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் அட்டை நிற்கும். அதிகாரி வந்து எண்ணுவாரோ என்ற பயத்தில் ஆர்மானுக்கும் ஓர் அட்டை வைத்தார்கள். ஆண்டு முடிவில் நான்கு பேராசிரியர்கள் அவனுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். ஆனால் ஒருவர் குறிப்பும் எழுதியிருந்தார்: "பேச்சு குறைவு. பேசும்போது மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்."

இதை நான் எப்படி

4

பள்ளி ஓட்டலை விட்டுக் குன்றின் மேல் ஏறியது. இன்று தொள்ளாயிரம் மாணவர்கள். பழைய மாணவர் பட்டியலில் ஆர்மானும் வளர்ந்தார்: 1971: பாசல் நகரில் மருந்துக் கம்பெனி; 1984: அங்கேயே இயக்குநர்; 1999: ஓய்வு. யார் எழுதி அனுப்பியது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பள்ளி இதழ் மட்டும் அவர் பெயருக்கு ஒதில் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

"எங்கம்மா அதைப் படிச்சுட்டு, 'பாசல்ல உக்காந்திருக்கான், பெத்தவளுக்கு ஒரு கடுதாசி போட மாட்டேங்கிறான்'ம்பா," என்றார் ஒதில். "பள்ளியில அவன் பேரைச் சேர்த்ததே என் பொய்தான்னு சொல்ல எனக்கு வாய் வரல. கோபத்தோடயே செத்தா. அவனுக்குன்னு கோயில்ல ஒரு ஜெபம் வைக்க விடல. எனக்கு எண்பத்திரண்டு ஆச்சு. அவன் செத்துட்டான்னு அச்சுல பாத்துட்டுப் போறேன், எழுதுங்க."

ஆர்மானின் பெயரை நீக்கலாமா என்று கேட்டதும், பள்ளியின் இப்போதைய இயக்குநர் லூசியன் க்ரோழான் சிரித்தார். "வகுப்புல வாயே திறக்காதவங்க எத்தனை பேர் இங்க பட்டம் வாங்கியிருக்காங்க! அவங்களையும் நீக்கிடலாமா? ஐயா, நம்ம பழைய மாணவர்கள்லயே ஒரு புகாரும் சொல்லாதவர் அவர் ஒருத்தர்தான். விட்டுடுங்க."

5

முடிவு அ: ஒதில் புத்தகத்தைத் திறந்து, தம்பி பெயரைத் தடவி, அழு— (வேண்டாம். அவர் அழுகிறவர் இல்லை.)

முடிவு ஆ: பாசலில் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறேன். (தட்டப் பயந்தேன். இது மட்டும் உண்மை.)

6

"ஆர்மான் பெரோஷே 1957இல் இறந்தார்" என்று எழுதி, 1958இல் சேர்ந்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் பதினொரு பேருக்கும், திருத்தி அனுப்பச் சொல்லி, மெய்ப்புப் படி அனுப்பினேன். பன்னிரண்டு திரும்பி வந்தன. பன்னிரண்டாவதில் ஒரே ஒரு திருத்தம்: "இறந்தார்" மட்டும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே எதுவும் எழுதவில்லை. க்ரோழான், "யாரோ விளையாடுறாங்க" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

நாளை அச்சு. ஒதில் தொலைபேசியில் காத்திருக்கிறார். அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது:

ஆர்மான் பெரோஷே 1957இல்

வாசகரே, வினைச்சொல்லை நீங்கள் போடுங்கள். ஆனால் அதை ஒதிலுக்கு நீங்களே படித்துக் காட்ட வேண்டும்.