கரையில் ஒருவன் மட்டும்

கரை ஒதுங்கும் ஒவ்வொரு கப்பலும் மனிதனின் ஆணவத்துக்குக் கடல் எழுதும் பதில் என்று கவிஞர் தம் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் எழுதியிருந்தார். இந்தக் கப்பலைப் பொறுத்தவரை கடல் பதில் எழுதியது அது ஏற்றிவந்த கோழித் தீவனத்துக்கு. புயல்கூட இல்லை. எஞ்சின் நின்றுபோய், நீரோட்டத்தில் மெல்ல நகர்ந்து வந்து, விருந்தாளி வீட்டில் கூச்சத்தோடு உட்காருவதுபோல மணலில் உட்கார்ந்துவிட்டது. யாரும் சாகவில்லை. கேப்டன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கிவந்து, பக்கத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். நனைந்த தீவனத்தைத் தின்று ஊர்க் காக்கைகள் எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்தன. யார் அப்புறப்படுத்துவது என்ற வழக்கு முடியாததால் கப்பல் அங்கேயே நின்று துருப்பிடித்தது. நாற்றம் போன பிறகுதான் அதற்கு அழகு வந்தது.

கவிஞர் குடிநீர் வாரியத்தில் கட்டணப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓவியர் அதே தெருவில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதும் கடை வைத்திருப்பவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலமானால் இருவரும் ஓவியரின் ஸ்கூட்டரில் கப்பலுக்குப் போவார்கள். கவிஞருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. கான்வாஸை அணைத்தபடி பின்னால் உட்கார்ந்து, மனிதனின் தனிமையைப் பற்றி யோசித்துக்கொண்டே போவார். கப்பலிலிருந்து கழன்று விழுந்த இரும்புத் தகடு ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. அதில்தான் இருவரும் உட்காருவார்கள். ஒருவர் வரைவார், ஒருவர் எழுதுவார். நடுவில் பிளாஸ்க். கவிஞரின் மனைவி இருந்தவரை தேநீர் அவர் போட்டுக் கொடுப்பது. ஓவியரை அவர் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் போன பிறகு ஓவியரே போட்டு எடுத்துவந்தார், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. எழுதிய வரியைக் கவிஞர் அவ்வப்போது உரக்க வாசிப்பார். ஓவியர் “ம்” என்பார். அந்த “ம்” நீளமாக வந்தால் வரி நிற்கும், சுருக்கமாக வந்தால் கவிஞர் அடித்துவிடுவார். இருட்டத் தொடங்கியதும் எழுந்துகொள்வார்கள். ஓவியர் “திரும்பு” என்பார். கவிஞர் முதுகைக் காட்டி நிற்பார். பின்பக்கத்தில் ஒட்டிய மணலையும் துருவையும் ஓவியர் துணியால் தட்டிவிடுவார். ஸ்கூட்டர் சீட்டைப் பற்றி அவருக்கு அக்கறை அதிகம்.

அந்தச் சாயங்காலங்களிலிருந்துதான் ‘கரையில் ஒருவன் மட்டும்’ என்ற தொகுப்பு வந்தது. முதல் பிரதியை ஓவியரிடம் கொடுத்தார் கவிஞர். ஓவியர் அதைக் கடையில் வைத்து, ஒரு நம்பர் பிளேட் காய்வதற்கும் அடுத்தது காய்வதற்கும் இடையில், முழுக்கப் படித்தார்.

“நண்டு வருது. காக்கா வருது. ஆறிப்போன டீகூட வருது. அந்த டீயைப் போட்டவன் எங்கய்யா?”

“அது கவிதைப்பா. அதுல வர்ற ‘நான்’ நான் இல்ல. அது மனுஷ குலம்.”

“சரி. மனுஷ குலத்தை ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனது யாரு?”

கவிஞர் சிரித்தார். ஓவியர் சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கடை பூட்டியிருந்தது, ஸ்கூட்டரும் இல்லை.

அதன்பிறகு கவிஞர் பஸ்ஸில் போனார். நிறுத்தத்திலிருந்து மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஓவியர் தம் வரையும் பலகையைக் கப்பலின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் கப்பல் நின்றது. கவிஞர் தகட்டில் தனியாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கடல் இருந்தது, காற்று இருந்தது, தொகுப்பில் எழுதியிருந்தபடியே கரையில் ஒருவன் மட்டும் இருந்தான். ஒரு வரிகூட முழுதாக வரவில்லை. வந்த அரை வரியை உரக்க வாசித்துப் பார்த்தார். “ம்” சொல்ல ஆள் இல்லை. அடிப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் மூடிவைத்துவிட்டார். சில நாட்களில் போவதையும் நிறுத்தினார்.

ஒருநாள் பல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, சுவரில் ஓவியர் வரைந்த கப்பல் தொங்குவதைப் பார்த்தார். முன்பெல்லாம் ஓவியரின் படங்களில் கப்பலுக்கு எதிரே, கட்டைவிரல் நகமளவு, வழுக்கைத் தலையோடு ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பான். வழுக்கையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கவிஞர் பலமுறை கெஞ்சியிருக்கிறார். இந்தப் படத்தில் அந்த இடத்தில் ஒரு நண்டு இருந்தது. கவிஞர் பல்வலியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக வரையப்பட்ட நண்டு.

தொகுப்புக்கு விருது அறிவித்தார்கள். குடும்பத்தார் அமர முன்வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். மகளுக்குப் போன் செய்தார்.

“எனக்கு லீவு கிடைக்காதுப்பா. மாமாவைக் கூட்டிட்டுப் போங்களேன். அவரைவிட யாரு சந்தோஷப்படப் போறா?”

“சரிம்மா” என்றார். அவள் மாமா என்று கூப்பிடும் ஓவியரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதை மேடையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பில் அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

விழா நாளன்று, புதிதாகத் தைத்த வெளிர்நிறப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, போகும் வழியில் கப்பலுக்குப் போனார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஓவியர் பழைய இடத்திலேயே, ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, தகட்டின் ஒரு பாதியில் உட்கார்ந்திருந்தார். கவிஞர் மறுபாதியில் போய் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு ஆறு மணிக்கு விழா. முன்வரிசையில உனக்கு நாற்காலி போட்டிருக்கு.”

“எனக்கு எதுக்கு? நீயும் கப்பலும்தானே இங்க இருந்தீங்க. கப்பலைக் கூட்டிட்டுப் போ.”

“பாப்பாதான் சொன்னா, மாமாவைக் கூட்டிட்டுப் போங்கன்னு.”

தூரிகை நின்றது. “நல்லா இருக்காளா?”

“இருக்கா.”

ஓவியர் பிளாஸ்க்கைத் திறந்தார். ஒரே மூடிதான் இருந்தது. அதில் ஊற்றிக் கவிஞரிடம் நீட்டினார். “வர்றேன். மேடையில ஒரு வார்த்தை சொல்லுவியா? இவனும் கூட உட்கார்ந்திருந்தான்னு?”

கவிஞர் தேநீரை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். பாராட்டுரையை முன்கூட்டியே அவருக்குக் காட்டியிருந்தார்கள். ‘துணையின்றித் தனிமையை எதிர்கொண்ட தவம்’ என்று அதில் இருந்தது.

“விருதே தனியா உட்கார்ந்ததுக்குத்தான்யா குடுக்கறாங்க” என்றார், மிகவும் மெதுவாக.

“அப்ப தனியாவே போய் வாங்கு.” கோபமே இல்லாமல்தான் சொன்னார் ஓவியர்.

கவிஞர் தேநீரைக் குடித்துமுடித்து மூடியைக் கொடுத்தார். எழுந்து, பழக்கத்தில், முதுகைக் காட்டி நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. பின்னாலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. நடந்தார். மணலைக் கடந்து சாலையேறும்வரை, ஓவியர் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே அவருக்கு இருந்தது. அது உண்மையும்கூட.

விழாவில் கூட்டம் பரவாயில்லை. மேடையின் பின்சுவரில் கப்பலின் புகைப்படத்தைப் பெரிதாகத் திரையிட்டிருந்தார்கள். கவிஞருக்குத் திடீரென்று ஓர் எண்ணம் தோன்றியது. கடைசிக் கவிதையைச் சபையைப் பார்த்து வாசிக்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, சபைக்கு முதுகைக் காட்டி, கப்பலை நோக்கி நின்று, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்தக் காலி நாற்காலியைப் பார்க்காமல் இருக்கவும் அது வசதியாக இருந்தது. அரங்கம் உறைந்துபோனது. எங்கோ ஒரு பெண் விம்மியது கேட்டது. பக்கத்திலிருந்தவர் அவளை அடக்கினார். வாசித்து முடித்துத் திரும்பியபோது பலர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். தம் கவிதைக்கு இத்தனை பேர் கலங்கி அவர் பார்த்ததில்லை. இதைச் சொல்ல அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

வீட்டுக்குக் காரில் அனுப்பிவைத்தார்கள். அவர் ஏறுவதற்கு முன் டிரைவர் ஓடிவந்து சீட்டில் செய்தித்தாளை விரித்தார். வேண்டாம்ப்பா, நானும் சாதாரண ஆள்தான் என்றார் கவிஞர். பரவாயில்லை சார் என்று டிரைவர் இன்னொரு தாளையும் விரித்தார்.

வீட்டில் கேடயத்தை மேசைமேல் வைத்தார். விளக்கைப் போட்டு உடை மாற்றினார். பேன்ட்டின் பின்பக்கம், இரண்டு பாதியையும் சேர்த்து, ஈரத்துரு அப்பியிருந்தது. தகட்டின் ஆணித்தலைகள்கூட அதில் வரிசையாகத் தெரிந்தன.